ஆச்சுங்க என்றோம், டிராக்டர் போய்விட்டது

தண்ணீர் முழங்காலில் இருக்கிறது. இடுப்புக்கு ஏறுகிறது. ஞாயிற்றுக்கிழமை. கார்த்திகை மாதம். இப்போதுதான் விடிந்தது. மாரியாத்தா கோயில் பக்கமிருந்து ஒரு குரல் வருகிறது.

"ஏரி ஒடைச்சிக்கிச்சு! மேட்டுக்கு ஓடுங்க! பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடுங்க!"

ஓடுகிறோம். ஓட முடியவில்லை. தண்ணீருக்குள் யாரால் ஓட முடியும்? காலைப் பிடுங்கி வைக்கிறோம். என் தலையில் கேப்பை மாவு டப்பா. முந்தானை முடிச்சில் பிளாஸ்டிக் பை. பைக்குள் எங்கள் வீட்டுக்காரருடைய மாத்திரை. ஒரு கை டப்பாவில். இன்னொரு கை அவர் சட்டையில். அவர் இருமுகிறார். இரண்டடி நடக்கிறார். நிற்கிறார். இருமுகிறார்.

முதல் சத்தம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. சர்ர்ர் என்று. நிற்காமல். அது தண்ணீர் தெருவுக்குள் நுழைந்த சத்தம். அடுத்தது டமால். டிரான்ஸ்பார்மர். அதற்குப் பிறகு தொப். கொஞ்சம் விட்டு இன்னொரு தொப். அது மண்சுவர். மண்சுவர் இடிவதில்லை. களைத்துப்போன ஆள் மாதிரி அப்படியே உட்காருகிறது.

அவர் நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்கிறார்.

"கோழி" என்றார்.

"கோழி போனா போவுது, வாய்யா!"

கத்தியது நான்தான். தெருவில் நான் அதுவரை கத்தியதில்லை. பக்கத்தில் வந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரிலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

கோழிகள் பஞ்சாரத்துக்குள் இருந்தன. பெரிய கூடையைக் கவிழ்த்துப் போட்டு மூடுவோமே, அதற்குள். முந்தின நாள் காற்று பலமாக அடித்ததால் பஞ்சாரத்தின் மேல் அம்மிக் குழவியை நானே தூக்கி வைத்திருந்தேன். அவற்றால் வெளியே வர முடியாது. அது அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நடந்தோம்.

என் பெயர் அஞ்சலை. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் எங்கள் காலனி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். களை எடுப்பேன், நாற்று நடுவேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளத்தைப் பற்றி நிறைய பேர் எழுதினார்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று எழுதினார்கள். ரோடு எங்கே அறுந்தது என்று எழுதினார்கள். நாங்கள் என்ன தின்றோம் என்று யாரும் எழுதவில்லை. எங்களை அழித்தது அதுதான்.

எங்கள் வீட்டுக்காரர் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கியவர். மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலை. முப்பது வருஷம் அந்தப் புழுதியைக் குடித்தார். அந்த வருஷம் ஆடியில் இருமலில் ரத்தம் வந்தது. டிபி என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. ஒரு நாளும் விடக்கூடாது. வயிற்றுக்குச் சத்தாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை தங்காது. நர்ஸம்மா நல்ல பெண். பொறுமையாகச் சொன்னாள். பால், முட்டை, பருப்பு, பழம்.

பாலும் பழமும் எங்கள் வீட்டுக்கு வழி தெரியாதவை. மற்றதை நான் பார்த்துக்கொண்டேன்.

காலையில் கேப்பைக் கூழ். கூழில் முதல் நாள் வடித்த சோற்றைக் கரைப்பேன். கடித்துக்கொள்ள வேகவைத்த மல்லாட்டை. கமிட்டியில் ஏலம் முடிந்ததும் தரையில் சிந்தியதைக் கூட்டிப் புடைத்து எடுத்து வருவேன். மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறு. ரேஷன் பருப்பில் பாதிதான் போடுவேன், மீதிக்கு முருங்கைக்கீரை. கீரை யாருடைய காசும் இல்லை. ரோட்டோரம் நிற்கிறது. கீரை வெந்து இறங்கும்போது வறுத்த மல்லாட்டையைப் பொடித்துத் தூவினால் குழம்பு கனத்துவிடும். கறிக்குழம்பு மாதிரி நாக்கில் நிற்கும். சாயங்காலம் தட்டைப்பயறோ கொள்ளோ. கொள்ளை வேகவைத்த தண்ணீரைக் கொட்ட மாட்டேன். அதுதான் ராத்திரி ரசம். வாரத்தில் ஒரு நாள் மரக்காணத்துக்காரி கூடையில் கொண்டுவருகிற நெத்திலிக் கருவாடு. தினமும் ஒரு முட்டை. அந்த இரண்டு கோழிகள் போட்டது. அது அவருக்கு மட்டும். நான் தொட்டதில்லை.

அவர் சாப்பிடும்போது திட்டுவார். "மாட்டுக்குக் கொடுக்கறத எல்லாம் எனக்குக் குடுக்கற."

"மாடு நல்லாத்தான இருக்குது" என்பேன்.

எடை மிஷின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது அவருடைய அரைஞாண் கயிறு. ஆடியில் அது இடுப்பில் நிற்காமல் தொடைக்கு வழுக்கும். ஆவணியில் இடுப்பெலும்பில் நின்றது. ஐப்பசியில் தொப்புளுக்குக் கீழே சதையில் பதிந்தது. குளித்துவிட்டு வந்து என்னிடம் காட்டினார். "இழுத்துப் பாரு, வருதா?" இழுத்தேன். வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம். வயசான காலத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது.

அப்புறம் கார்த்திகை வந்தது. தண்ணீர் வந்தது.

மாடியில் நிற்கிறோம். எங்கள் தெரு, அடுத்த தெரு, எல்லாரும். மழை நிற்கவில்லை. ஒரே ஒரு தார்ப்பாய். அதன் கீழே குழந்தைகளையும் வயிற்றுப்பிள்ளைக்காரிகளையும் விட்டோம். இவரை ஓரமாகக் கைப்பிடிச்சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். கீழே ஆடு மிதந்து போகிறது. கேஸ் சிலிண்டர் போகிறது. யாருடைய வீட்டுக் கதவோ போகிறது. ஞாயிறு முழுக்க யாரும் எதுவும் தின்னவில்லை. மடியிலிருந்த வேகவைத்த மல்லாட்டை ஒரு பிடி. அதை இவருக்கு மட்டும் கொடுத்து அன்றைய மாத்திரையைப் போட வைத்தேன். தங்கியது.

திங்கட்கிழமை காலையில் மழை விட்டது. குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். பசியில் அழுகிற சத்தம் வேறு. அதில் கோபம் இருக்காது. பூனை கத்துவது மாதிரி இருக்கும்.

பச்சையம்மாதான் எழுந்தாள். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நான் பேசாததையும் சேர்த்துப் பேசுகிறவள்.

"எவ எவகிட்ட இன்னா இருக்குது? மறைச்சி வச்சிக்கினு இருந்தீங்கன்னா மாடியில இருந்து தள்ளி உட்டுருவேன். எடுங்கடி வெளியே!"

நான் கேப்பை மாவு டப்பாவைக் கொடுத்தேன். ஒருத்தி நொய் வைத்திருந்தாள். ஒருத்தி கருவாட்டுப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். பச்சையம்மா தன்னுடைய மூட்டையை அவிழ்த்தாள். விதை மல்லாட்டை. மார்கழியில் குத்தகை நிலத்தில் போடுவதற்கு வைத்திருந்தது.

"வெதயப் போயி அவிக்கறியா?" என்றார் அவள் புருஷன்.

"உன்னைய உட்டுட்டுக்கூட வந்திருப்பேன். வெதய உடலியே. அந்த வெதயே போவுது, உனக்கின்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஓட்டை உடைத்து உடைத்துப் பருப்பை யாரோ தூக்கி வந்திருந்த குண்டானில் போட்டாள். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டாள்.

பள்ளிக்கூடத்து முருங்கை மரம் மாடிச் சுவரில் சாய்ந்திருந்தது. கீரை கைக்கு எட்டியது. தண்ணீருக்குத் தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீர். விறகுதான் இல்லை. மாடி மூலையில் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. ஒரு பையன் உடைத்தான். பச்சையம்மா புருஷனுக்குப் பயம்.

"வாணாம்மே. கவுர்மெண்டு பெஞ்சி. கேஸ் போடுவான்."

"வெள்ளம் இட்டுக்கினு போனா கேஸ் இல்ல. நாம சோறாக்குனா கேஸா? போடட்டும். ஜெயில்ல சோறு போடுவான்."

அடுப்பு பிடித்தது. ஈர விறகு. புகை நேராக மேலே போயிற்று.

சமைத்தது நான். எனக்கு அது ஒன்றுதான் வரும். நொய்யை முதலில் வேகவிட்டேன். மல்லாட்டையைப் போட்டேன். கேப்பை மாவைக் கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றிக் கிண்டினேன். அகப்பை இல்லை. பெஞ்சுச் சட்டத்தால் கிண்டினேன். உப்பு இல்லை. தண்ணீரில் முதலில் கரைந்தது உப்புதான். கருவாட்டைக் கிள்ளிப் போட்டேன். அதிலிருந்து உப்பு இறங்கியது. கடைசியில் கீரை. உருவிப் போட்டு உடனே இறக்கிவிட்டேன்.

தட்டு இல்லை. டப்பா மூடியில் வாங்கினார்கள். கையில் வாங்கினார்கள். குழந்தைகளுக்கு முதலில். அப்புறம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். அப்புறம் நோயாளிகள். இவருக்கு ஒரு மூடி நிறையக் கொடுத்தேன். வழித்து நக்கினார். மாத்திரை போட்டார். தங்கியது. பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் எட்டவில்லை. நான் குண்டானைத் தண்ணீர் விட்டு அலசிக் குடித்தேன்.

அது அவர் வயிற்றில் தங்கிய கடைசி நல்ல சாப்பாடு. அப்போது எனக்குத் தெரியாது.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. டகடகடக. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருகிறது. டிரெய்லரில் நீல ரெயின்கோட்டு போட்ட ஒருவர் நிற்கிறார். அவர் காலடியில் பொட்டலங்கள். அடுக்கு அடுக்காக. காற்றில் புளிசாத வாசனை வருகிறது. யார் அனுப்பிய வண்டி என்று எனக்குத் தெரியாது. நல்லவர்கள் அனுப்பியதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே வந்து நின்றது. எஞ்சினை நிறுத்தவில்லை. நீலக்கோட்டுக்காரர் கைகளை வாய்க்குக் குவித்துக் கத்தினார்.

"எல்லாரும் சாப்டீங்களா?"

எங்கள் வீட்டுக்காரர் கைப்பிடிச்சுவரைப் பிடித்து எழுந்தார். எல்லாருக்கும் முன்னால் அவர்தான் சொன்னார்.

"ஆச்சுங்க!"

அவருக்குப் பின்னால் எல்லாரும். "ஆச்சுங்க." "ஆச்சுங்க சார்." பச்சையம்மா சொன்னாள். அவள் புருஷன் சொன்னார். கையை நக்கிக்கொண்டு நின்றவர்கள் சொன்னார்கள். ஒரு வாய்கூடக் கிடைக்காதவர்கள் சொன்னார்கள்.

நான் "இல்லிங்க" என்றேன். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

நீலக்கோட்டுக்காரர் புகையைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சமைச்சிக்கினீங்களா? சூப்பர்மா! அடுத்த ஊர்ல ஒண்ணுமில்லாம இருக்காங்களாம். அவங்களப் பாத்துட்டு வர்றோம்!"

டகடகடக. திரும்பியது. போயிற்று. பொட்டலங்களோடு போயிற்று.

சண்டை நடக்கிற இடங்களில் புகையைப் பார்த்துக் குண்டு போடுவார்களாம். எங்களுக்குப் புகையைப் பார்த்துச் சோறு போடாமல் போனார்கள்.

பச்சையம்மா இவர் பக்கம் திரும்பினாள்.

"யோவ் மாமா. ஏன்யா ஆச்சுன்ன?"

"கேட்டாரில்ல. வேற இன்னான்னு சொல்றது?"

"இல்லன்னு சொல்றது!"

"சோத்து வண்டியப் பாத்துக்கினே இல்லன்னு சொன்னா, புடுங்கித் தின்ன நிக்கற மாதிரி இருக்காதா? நீயுந்தான சொன்ன."

"சொன்னேன். என் வாயில கொள்ளிய வைக்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் எதிரில் வருகிற ஆளை இன்னா சேதி என்று கேட்பதற்கு முன்னால் சாப்ட்டியா என்று கேட்போம். ஆச்சு என்போம். அது பதில் இல்லை. கும்பிடு போடுவது மாதிரி. அடுப்பு எரியாத நாளிலும் ஆச்சு. பெற்ற பிள்ளை பசியோடு தூங்கின நாளிலும் ஆச்சு. நடவுக்குப் போகிற வீட்டில் முதலாளியம்மா கேட்பாள், சாப்ட்டியாடி. ஆச்சுங்க என்றால் நல்ல குடும்பத்துப் பொண்ணு. இல்லை என்றால் தீனிக்கு அலைகிறவள். எங்கள் அம்மா எனக்குச் சோறு ஊட்டுவதற்கு முன்னாலேயே இந்த வார்த்தையை ஊட்டிவிட்டாள். அவளுக்கு அவளுடைய அம்மா.

யார் முதலில் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? பசிக்கிறது என்பது கெட்ட வார்த்தை என்று யார் சொன்னார்கள்? சோறு வைத்திருந்தவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். சோறு இல்லாதவர்களுக்கு அது எதற்கு உதவும்?

நீலக்கோட்டுக்காரரையும் நான் விட மாட்டேன். கேட்காமல் கொடுத்திருக்கலாம். வெள்ளத்தில் நிற்கிறவனிடம் ஏன் கேள்வி? ஒரு பொட்டலத்தை வீசிவிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? அவரும் இந்தச் சீமைக்காரர்தான். பேச்சிலேயே தெரிந்தது. ஆச்சுங்க என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அவர் வீட்டில் அவருடைய அம்மா சொன்னதில்லையா?

செவ்வாய்க்கிழமை யாரும் வரவில்லை. மேலே ஹெலிகாப்டர் போனது. படபடபட. கையை ஆட்டினோம். போய்விட்டது. பள்ளிக்கூடத்து ஜனங்கள் சமைத்துச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள் என்று டிராக்டரில் வந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் தெரிந்தது.

டப்பாவில் மாவு இல்லை. மரத்தில் கீரை மட்டும். வெறும் கீரையை அவித்துத் தண்ணீரோடு குடித்தோம். அவர் மாத்திரை போட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. செம்மண் கலரில். மாத்திரையும் அதில் கிடந்தது. பாதி கரைந்து.

"இன்னாய்யா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அதுவும் ஆச்சு மாதிரிதான்.

புதன்கிழமை தண்ணீர் இறங்கியது. அன்றைக்கு வந்தார்கள். ஒரு வண்டி இல்லை, வரிசையாக வண்டிகள். பொட்டலம் காலையில் கட்டினது, சாயங்காலம் எங்களிடம் வந்தபோது ஊசிப்போய் நூல் விட்டது. அது இல்லாவிட்டால் பன். பன், பன், பன். பன்னும் பிஸ்கட்டும் மலையாகக் குவிந்தன. காய்ந்த பன்னை இவர் கடித்தார். தூள் தொண்டையில் ஏறியது. இருமினார். இருமி இருமி உட்கார்ந்துவிட்டார். ஒரு படி கேப்பை மாவு கொடுங்க, ஒரு படி பருப்பு கொடுங்க, நாங்களே ஆக்கிக்கிறோம் என்று கேட்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. பன்னை வாங்கிக்கொண்டு கும்பிட்டேன்.

வீட்டுக்குப் போனோம். வீடு உட்கார்ந்திருந்தது. மூன்று பக்கச் சுவரும். பஞ்சாரம் அப்படியே இருந்தது. குழவி அதன் மேல். தூக்கினேன். இரண்டு கோழிகளும் ஒன்றின் மேல் ஒன்று. சேற்றுக்குள் ஒரு முட்டை. உடையாமல். தண்ணீர் ஏறுகிற நேரத்தில் போட்டிருக்கிறது.

அவர் அதைக் கையில் எடுத்துத் துடைத்தார். திரும்பவும் அங்கேயே வைத்துவிட்டார்.

மகள் சுமதி திண்டிவனத்தில் இருக்கிறாள். மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து, ஒற்றை ரூம், இரண்டு பிள்ளைகள். அங்கே போனோம். மருமகன் முருகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். குணமான பிள்ளை. குறை சொல்ல மாட்டேன். தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்.

"சாப்டீங்களா மாமா?"

"ஆச்சுப்பா."

நானும் சுமதியும் வேலைக்குப் போய்விடுவோம். அவள் ஒரு துணிக்கடைக்கு. நான் காய்கறி மண்டியில் வெங்காயம் பொறுக்க. நான் ஆக்கிக்கொண்டிருந்த சமையல் இல்லை இப்போது. அம்மி இல்லை. முருங்கை மரம் பார்த்து வைத்திருந்த ரோடு இல்லை. ரேஷன் கார்டு விழுப்புரத்துச் சேற்றில். சுமதி காலையில் வடித்துவைத்த வெள்ளைச் சோறும் ரசமும் அலமாரியில் இருக்கும். எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அவர் எடுக்க மாட்டார். பெண் கொடுத்த இடம். அங்கே சட்டியை அவரே திறப்பதா?

சாயங்காலம் சுமதி கேட்பாள். "சாப்ட்டியா நைனா? மாத்திர போட்டியா?"

"ஆச்சும்மா. ரெண்டும் ஆச்சு."

மார்கழிப் பாதியில் ஒரு நாள் மண்டியில் லோடு வரவில்லை. மத்தியானமே திரும்பி வந்தேன். சந்தில் நுழைகிறேன். அவர் வாசலில் குந்தியிருக்கிறார். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிறகு சாக்கடையில் போடுகிறார்.

"இன்னாய்யா பண்ற?"

திடுக்கிட்டார். திருடனைப் பிடித்த மாதிரி.

"வயித்துல ஒண்ணுமில்லாம போட்டா கொமட்டுது. போன வாரம் பாயிலயே எடுத்துட்டேன். மாப்ள இருக்கற எடத்துல அசிங்கமா இருக்குது."

"சோறு இருக்குதே உள்ள! எடுத்துத் துண்ண வேண்டியதுதான?"

"அது புள்ளைங்களுக்கு."

"கேக்க வேண்டியதுதான அவகிட்ட?"

"பொண்ணு கட்டிக்குடுத்த எடத்துல எப்படிடி கேக்கறது?"

அடிக்கக் கை ஓங்கினேன். நாற்பது வருஷத்தில் முதல் தடவை. கை அவர் தோளில் பட்டது. எலும்பு. சட்டைக்குள் எலும்பு மட்டும்தான் இருந்தது. நாலு மாதம் கீரையும் மல்லாட்டையுமாக நான் அந்தத் தோளில் ஏற்றி வைத்தது எங்கே?

அன்றைக்கே கேப்பை வாங்கினேன். நான் கிளம்புவதற்கு முன்னால் கூழ் ஊற்றி, என் கண் முன்னால் குடிக்க வைத்து, மாத்திரையை என் கையால் வாயில் போட்டேன். கொஞ்ச நாள் தங்கியது. பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. தை பிறந்ததும் விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சீட்டு எழுதுகிற இடத்தில் பேஷண்ட் பெயர் என்ன என்று என்னைக் கேட்டார்கள். புருஷன் பெயரை நான் சொல்லிப் பழகவில்லை. சுமதிதான் சொன்னாள்.

வார்டில் காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் குனிந்து கேட்டார். "என்ன ஐயா, சாப்டீங்களா?"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் போய்விட்டார்.

சுடுகாட்டில் அரைஞாண் கயிற்றை அறுப்பார்கள். அறுப்பதற்குக் கத்தி கொண்டுவந்திருந்தார்கள். தேவைப்படவில்லை. பிடித்து இழுத்தார்கள். கால் வழியாக வந்துவிட்டது.

வெள்ளத்தில் செத்தவர்களுக்குப் பணம் என்றார்கள். எங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "தண்ணியில சாவலியேம்மா. டிபின்னுதான இருக்குது" என்றார் தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருந்தவர். பணம் கிடக்கட்டும். எங்கள் ஊரில் வெள்ளத்துக்கு இரண்டு பேர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பொய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த கார்த்திகை. காலனியில் அரசாங்கம் கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தேன். ஒரு பெண் மைக்கோடு வந்தாள். கூட கேமராக்காரர். வெள்ளம் வந்து ஒரு வருஷம் ஆகிறதாம், எங்களைக் கேட்டு டிவியில் போட வந்திருக்கிறாள். ஊரே கூடி நின்றது. நல்ல பெண். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச்சை ஆரம்பிக்கிறதுக்காகக் கேட்டாள்.

"சாப்டீங்களா பாட்டி?"

நான் அந்த மைக்கைப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கேமராக்காரரைப் பார்த்தாள்.

"இல்ல. நான் சாப்புடல. போன வருசம் மாடி மேல நாங்க யாரும் வயிறாரச் சாப்புடல. எழுதிக்கோ."

எனக்கே கேட்டது என் குரல். கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பச்சையம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏண்டி அஞ்சல, எல்லார் எதிர்லயும் மானத்த வாங்கற?"

"மானந்தாண்டி டிராக்டர திருப்பி அனுப்புச்சு" என்றேன்.

அவள் கையை விட்டுவிட்டாள். பிறகு மைக்குப் பக்கத்தில் போனாள். "நானும் துண்ணலம்மா. பொய்தான் சொன்னேன் அன்னிக்கி" என்றாள்.

டிவியில் அது வரவில்லை. நானே எழுதுகிறேன். போனவை இவை.

மூன்று பக்கச் சுவர். ஒரு கூரை. அம்மி. குழவி மட்டும் இருக்கிறது. இரண்டு கோழி. ஒரு முட்டை. பச்சையம்மாவின் ஒரு பட்டத்து விதை. ஆற்றோரத்தில் சின்னப்பன், அவர் கயிற்றில் கட்டியிருந்த மாடுகளோடு. கீழத்தெருவில் ராணியின் ஆறு மாதக் குழந்தை. அவர்கள் இரண்டு பேரைத்தான் ஊர் சொல்கிறது.

மூன்று பேர்.

மூன்றாவது ஆள் என் புருஷன். திங்கட்கிழமை டிராக்டர் திரும்பிப் போனபோது சாக ஆரம்பித்தவர். தையில் முடித்தார். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

தேசிங்கு.

தேசிங்கு சாப்பிடவில்லை.